தெக்க தேடுதாவ

ஜன்னல் பக்கம் வேணும்னா நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து வேண்டாம். மூணு நாளா காத்துன்னாலே ஆவ மாட்டேங்குது. நீங்க தூத்துக்குடி வரைக்கும்தான? நானும் அங்கதான். கடல் ஆராய்ச்சி ஆபீசுல வாசுகின்னு ஒரு மேடம் இருக்காவ. அவியளப் பாத்து நாலு கேள்வி கேக்கணும். படிச்சவிய, மிஷினு வச்சிருக்காவ, மாசமானா சம்பளம் வாங்குதாவ. எம்மவனத் தப்பான எடத்துல தேட விட்டுட்டாவ.

எம்மவன் கடல்ல இருக்கான் அண்ணாச்சி. ரெமிஜியஸ்னு பேரு, நாங்க ரெமின்னு கூப்பிடுவோம். இருவத்தாறு வயசு. திங்கக்கெழம கோழி கூவ முன்னால ஒத்தையில வள்ளத்த எடுத்துட்டுப் போனவன். இன்னைக்கு வியாழன். நான் குருசுமேட்டுக்காரன், பேரு கஸ்பார். நேத்து பேப்பர்லகூட வந்துச்சு, மீனவர் மாயம்னு. மாயமாப் போவ அவன் என்ன மந்திரவாதியா? கடல்லதான் எங்கயோ கெடக்கான்.

அந்த மேடத்துகிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வள்ளம் எந்த எடத்துல நின்னுச்சு, காத்து எந்தப் பக்கம், நீவாடு எந்தப் பக்கம், எல்லாத்தையும் அதுல போடணும். நீவாடுன்னா வேற ஒண்ணுமில்ல, கடலுக்குள்ள தண்ணி ஓடுத ஓட்டம். போட்டா, இந்நேரம் வள்ளம் எங்க மெதந்துகிட்டிருக்கும்னு படத்துல ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்துக்குள்ளதான் கப்பலும் பிளேனும் தேடும். நல்ல மிஷினுதான், இல்லங்கல. ஆனா ரெண்டு நாளா தெக்க தேடுதாவ. தெக்க வட்டம் போட்டுருக்கு அந்த மிஷினு. அவன் தெக்க இல்ல அண்ணாச்சி.

எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கிய. தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதா.

இந்த மேடம் எங்களுக்குப் புதுசு இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஊருக்கே வந்தாவ. கோயில் மண்டபத்துல பெரிய படம் ஒண்ண விரிச்சு, கடல் சூடாவுது, மீனு எடம் மாறுது, எந்த எடத்துல முன்ன மீன் இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு, நீங்க சொன்னாத்தான் எங்களால எதாவது செய்ய முடியும்னு கேட்டாவ. டீயும் வடையும் குடுத்தாவ. நாப்பது அம்பது பேரு வரிசையில நின்னு, படத்துல ஒவ்வொரு எடமா வெரல வச்சுக் காட்டுனோம். அம்புட்டும் பொய்யி.

சிரிக்காதிய. இத வெளியாளுக்குச் சொன்னா விளங்காது. எங்க கடக்கரையில ஒருத்தன்கிட்ட, மீன் எங்க பட்டுச்சுன்னு கேட்டா, கிழக்க பட்டத மேக்கன்னுவான். கேக்கிறவனுக்கும் அது பொய்யின்னு தெரியும். அவனும் நாளைக்கு அப்பிடித்தான் சொல்லுவான். இதுல ஒருத்தருக்கொருத்தர் கோவம் கெடையாது. உங்க வீட்டு பீரோச் சாவி எங்க இருக்குன்னு நான் கேட்டா நீங்க சொல்லிருவியளா? அப்பிடித்தான். அந்த மேடம் மட்டும் நாங்க சொன்னத எல்லாம் பச்சப் பென்சில்ல குறிச்சிட்டுப் போயிட்டாவ. அம்புட்டுப் படிச்சிருக்காவ, ஒரு மீன்காரன் மூஞ்சியப் பாத்து உண்மையா பொய்யான்னு சொல்லத் தெரியல.

நான் தெக்க சேத்து மடையில வெரல வச்சேன். அங்க வெறும் சேறு. நண்டுகூட யோசிச்சுத்தான் போவும். மறு வருசம் பாத்தா, அந்த எடத்துலயே சிமெண்டுல பெரிய பெரிய கூடு செஞ்சு கொண்டாந்து எறக்குதாவ. செயற்கைப் பாராம். மீன் வந்து அடையுமாம். அத்தனையும் சேத்துல முங்கிப் போச்சு. நாங்க கரையில உக்காந்து சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன்.

பார்னா என்னன்னு கேக்கியளா? கடலுக்கு அடியில பாறையும் பவளமும் வளந்து கெடக்குமே, அதுதான். அங்கதான் கலவா, வெளமீனு எல்லாம் குடியிருக்கும். எங்க குடும்பத்துக்குன்னு ஒரு பார் உண்டு. எங்க ஐயாவுக்கு அவுக ஐயா காட்டுனது. எனக்கு எங்க ஐயா காட்டுனாவ. மிஷினெல்லாம் அப்ப ஏது? கரையில ரெண்டு அடையாளம் ஒரே நேருக்கு வரணும், இன்னொரு பக்கம் ஒரு அடையாளம் மறையணும், அங்க நின்னு கல்லு கட்டின கயித்த விட்டா பதினோரு பாகத்துல தட்டும், ரெண்டு கையையும் விரிச்சா வார நீளந்தான் ஒரு பாகம். அம்புட்டுதான். அந்த மூணு அடையாளம் எங்க வீட்டு ஆம்பளையளத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. எம்பொண்டாட்டி ஜெசிந்தாவுக்கே தெரியாது. முப்பது வருசம் குடும்பம் நடத்திருக்கோம், ஒரு நாள் கேட்டதில்ல அவ.

எனக்கு முழங்கால் போயிட்டுது அண்ணாச்சி. போன ஐப்பசியில ரெமியக் கூட்டிட்டுப் போயிப் பாரக் காட்டுனேன். மூணு விதி சொன்னேன். பாருக்குப் போறப்போ கூட ஆள் ஏத்தாத. போறப்போ ஒரு வழி போனா வாரப்போ வேற வழி வா. எங்க போறன்னு கேட்டா தெக்கன்னு சொல்லு. எங்க ஐயா எனக்குச் சொன்னதுதான். அவனுக்கு ஒரே சந்தோசம். வெளிநாட்டு வேலைக்கு விசா பாத்துகிட்டிருந்தவன், எனக்குன்னு ஒரு பார் இருக்குல்லாப்பான்னு அத விட்டுட்டான்.

நீங்க நல்ல மனுசனாத் தெரியுது, அதனால சொல்லுதேன். அந்தப் பாருல இப்ப ஒண்ணும் இல்ல. மூணு வருசத்துக்கு முன்னால ஒரு சித்திரை, தண்ணி கஞ்சி மாதிரிக் கொதிச்சுது. முங்கிப் பாத்தேன். பவளம் அம்புட்டும் வெள்ள வெளேர்னு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நின்னுச்சு. அடுத்த வருசம் பாசி படிஞ்சு கறுத்துப் போச்சு. அதுக்குப் பொறவு தூண்டி போட்டா வெறும் தூண்டிதான் வரும். அது தெரிஞ்சுதான் அவனுக்குக் காட்டுனேன். தெரிஞ்சேதான். எங்க ஐயா எனக்கு நெறஞ்ச பாரக் குடுத்தாவ, நான் எம்மவன்கிட்ட, ஏல, இது செத்துப் போச்சுன்னு சொல்லியா குடுப்பேன்? எந்தத் தகப்பன் வெறும் பானையக் கையில குடுப்பான்? சோறு திரும்பப் பொங்கும்னு நெனச்சேன். கடல் அப்பிடித்தான, போவும், வரும்.

அவன் அஞ்சாறு தடவ போயிட்டு ஒண்ணுமில்லாம வந்தான். அப்பா, உண்மையிலேயே மீன் இருக்காப்பான்னு கேட்டான். இருக்குலே, உனக்குத்தான் அடையாளம் சரியா விழல, நல்லா நேர் பாருன்னேன். ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்புடுதப்பகூட அதத்தான் சொன்னேன்.

பங்குனியில எங்க கடல் குளம் மாதிரிக் கெடக்கும் அண்ணாச்சி. காத்தே இருக்காது. எனக்கு அம்பத்தெட்டு வயசு, பங்குனியில இப்பிடி ஒரு மேக்காத்த நான் பாத்ததில்ல. திங்கக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்கு வானம் கறுத்துச்சு. கரையில கெடந்த கூடையெல்லாம் கடலுக்குள்ள பறந்து போச்சு. ஒரு மணி நேரந்தான். அடிச்சுட்டு ஓஞ்சுட்டுது. மத்த வள்ளமெல்லாம் அதுக்கு முன்னாலயே கரைக்கு வந்துட்டுது. எப்பிடி வந்தாவன்னா, அவுக வள்ளத்துல அந்த மேடம் குடுத்த பெட்டி இருக்கு.

அந்தப் பெட்டி இதுதான், இந்த மஞ்சப் பைக்குள்ள இருக்கு. காட்டுதேன். இத வள்ளத்துப் பேட்டரியில மாட்டுனாத்தான், வள்ளம் எந்த எடத்துல நிக்குதுன்னு கரையில தெரியும். காத்து வருதுன்னா, மாட்டாட்டாலும் இது கூவும். காலையில பதினொரு மணிக்கே கூவியிருக்கு. எல்லாருக்கும் கூவியிருக்கு. ரெமி பெட்டி எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில பழைய வலைக்குள்ள கெடந்து கூவியிருக்கு. பாருக்குப் போற அன்னைக்கெல்லாம் கழத்தி வைன்னு நான்தான் சொன்னேன். எந்த எடத்துல நிக்குதான்னு தெரிஞ்சா, அப்புறம் அது என்ன எங்க பாரு? ஊருப் பாரால்லா ஆயிரும்? எங்க சித்தப்பா மவன் இன்னாசின்னு ஒருத்தன் இருக்கான். இருவது வருசமா அந்தப் பாரு எங்க இருக்குன்னு மோப்பம் பிடிச்சுகிட்டே அலையுதான்.

திங்கக்கெழம ராத்திரி பூரா கரையில நின்னேன். செவ்வாக்கெழம விடிஞ்சதும் மீன் ஏலக் கொட்டகையில ஊரு கூடிருச்சு. தேடுற ஆபீசருங்க வந்தாவ, மேடமும் வந்தாவ. எல்லாருக்கும் முன்னால, ஐயா, உங்க மகன் எந்தப் பக்கம் போனார்னு கேக்காவ. இன்னாசி எனக்கு எதுத்தாப்ல நிக்கான். கையக் கட்டிகிட்டு என் வாயவே பாத்துகிட்டிருக்கான். தெக்க, சேத்து மடைப் பக்கம்னு சொல்லிட்டேன்.

யோசிச்சுச் சொல்லல அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன். வாய் தன்னால சொல்லிட்டுது. பொறந்ததுலருந்து அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலத்தான சொல்லியிருக்கேன்.

மேடமும் பழைய படத்த எடுத்துப் பாத்தாவ. நான் அன்னைக்கு வெரல வச்ச எடமும் அங்கதான இருக்கு. ஆமா, இவுகளுக்கு அங்கதான் தொழில்னு சொல்லி அத அப்பிடியே கம்ப்யூட்டர்ல போட்டுட்டாவ. ஒரு தடவையாவது திரும்பக் கேட்டிருக்கலாம்லா? தனியாக் கூப்புட்டு, கஸ்பாரு, இது நெசந்தானான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

கூட்டம் கலஞ்சதும் மேடம் காதுல சொல்லிரலாம்னுதான் நெனச்சேன். கார் வரைக்கும் போனேன். பக்கத்துலயே ஊர்க் கமிட்டித் தலைவர் நிக்காரு. சரி, நாளைக்குச் சொல்லுவோம்னு வந்துட்டேன். ரெமி கெட்டிக்காரன், எஞ்சின் கோளாறுன்னா சரிபண்ணிகிட்டு அவனே வந்துருவான்னு ஒரு நெனப்பு. நேத்து இன்னாசி வந்து, வாண்ணே, நாமளும் போயித் தேடுவோம்னு கூப்புட்டான். அவன் வள்ளம், அவன் டீசலு. பகல் பூரா தெக்க சுத்துனோம். அவன் வள்ளத்து முன்னால அணியத்துல நின்னு கையக் குவிச்சு, ரெமி, ஏல ரெமின்னு கூப்புட்டுகிட்டே வந்தான். சாயங்காலம் அவனுக்குத் தொண்ட கட்டிப் போச்சு, பேச்சு வரல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நம்ம புள்ள கெழக்க இருக்காம்லேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இன்னாசியாச்சே. வள்ளத்தத் திருப்புனா நேரே பாரு மேலல்லா போயி நிக்கும். அவன் நடிக்கானோன்னுகூட எனக்குத் தோணுச்சு.

அப்பிடிப் பாக்காதிய அண்ணாச்சி. நான் எம்மவன் மேல உசுரு வச்சிருக்கேன்.

இன்னைக்குக் காலையில ஜெசிந்தா வீட்டக் கூட்டுதப்போ பெட்டி கையில சிக்கிட்டுது. செவ்வாக்கெழமையிலருந்து அவ பச்சத் தண்ணி குடிக்கல. பெட்டியக் கொண்டாந்து எம்முன்னால வச்சா. "இது இங்க இருந்தா அவன் தெக்க போவலல்லா?"ன்னு கேட்டா. முப்பது வருசத்துல மொத தடவயா எங்கிட்ட எடத்தக் கேக்கா. நான் பெட்டிய எடுத்து மஞ்சப் பைக்குள்ள போட்டேன். அவ மறுபடி கேக்கல. என் சட்டைய எடுத்துத் தந்து, போயிச் சொல்லிட்டு வான்னா. அதான் இந்தப் பஸ்சு.

போன்ல சொன்னா என்னன்னு கேக்கிய. எல்லாரும் அதத்தான் கேப்பிய. அந்த மேடம் போன எடுத்தா, சத்தமா வச்சு, சுத்தி உக்காந்திருக்கிற எல்லாரையும் கேக்க வைப்பாவ. அங்க ஆபீசுல எங்க கடக்கரைப் பையலுவ ரெண்டு பேரு வேல பாக்கானுவ. நேர்ல போயி, கதவச் சாத்தச் சொல்லி, ஒரு தாள்ல வரஞ்சு காட்டிட்டு, தாளத் திரும்ப வாங்கிட்டு வந்துருவேன். மேடத்த நாலு கேள்வியும் கேட்டுருவேன். இப்ப எங்க வந்திருக்கோம்? குளத்தூர்தானா? என்ன இந்த டிரைவர் பஸ்ச இப்பிடி உருட்டுதான்.

பயமா இருக்கு அண்ணாச்சி. சூசையப்பருக்கு நேந்திருக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. ஜெசிந்தாவா இருக்கும். இல்ல, மேடம். இவியளுக்கு எப்பிடி... ஹலோ. ஆமா மேடம், கஸ்பார்தான். அங்கதான் வந்துகிட்டிருக்கேன்.

அண்ணாச்சி, எம்பொண்டாட்டி பங்குச் சாமியார் வீட்டுக்குப் போயி அங்க இருந்து போன் பண்ணிட்டாளாம். எம்புருசன் சொன்னது பொய்யி, புள்ள தெக்க இல்ல, எங்கன்னு அவருக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டாளாம்.

நேர்ல வந்து சொல்லுதேன் மேடம். முக்கா மணி நேரந்தான். இல்ல, நான் பஸ்சுல இருக்கேன். சுத்தி ஆளுவ இருக்காவ. எங்க பக்கத்து ஆளுவ.

பிளேனு கெளம்புதாம் அண்ணாச்சி. இப்பவே கெளம்புதாம். எடத்தச் சொன்னா அங்க போவுமாம், இல்லன்னா இன்னைக்கும் தெக்கதானாம். நாளைக்கு வேற வேலைக்குப் போயிருமாம். கொஞ்சம் எந்திரிச்சுப் பாருங்களேன். பின்னால நீலச் சட்ட போட்டவன் ஒருத்தன் ஏறுனான், எங்க பக்கத்தூரு வள்ளக்காரன் மாதிரி இருந்துச்சு. முழிச்சிருக்கானா? ஹலோ, மேடம், இருங்க, வச்சிராதிய. நீங்களும் கேளுங்க அண்ணாச்சி, எப்பிடிக் கெஞ்சுதாவ பாருங்க. "ஐயா, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க"ங்காவ. அழுதாவ போல இருக்கு.

கெழக்க மேடம். தெக்க இல்ல, கெழக்க. கேக்கலையா? கெழக்க. எங்க ஊரு மாதா கோயில் கோபுரமும், உப்பளத்துத் தண்ணித் தொட்டியும் ஒரே நேருக்கு வரணும். ஆமா, சத்தமாத்தான் சொல்லுதேன். வடக்க தீவோட கடைசி முனை மறையணும். மறைஞ்சதும் நிப்பாட்டணும். பதினோரு பாகம். பதினோரு பாகம் மேடம், அங்கதான் எங்க பாரு. எங்க ஐயா பாரு. அங்கதான் போனான். நான்தான் அனுப்புனேன்.

அண்ணாச்சி, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நீங்க பாத்தியளா? நீலச் சட்டக்காரன் பாட்டுக் கேட்டுகிட்டு உக்காந்திருக்கான். முன்னால அந்த அம்மாதான், புள்ள தூங்குது, மெதுவாப் பேசுங்கன்னு சொல்லுது.

ஆங், சொல்லுங்க மேடம். எந்த நம்பரு? பதினேழா? அது எப்பிடி உங்க படத்துல?

அவிய படத்துல இருக்காம் அண்ணாச்சி. பதினேழாம் நம்பராம். கோயில் மண்டபத்துக்கு வாரதுக்கு முன்னாலயே முங்கிப் பாத்து, செத்த பாருன்னு எழுதி வச்சிருக்காவளாம். அங்க போயி யாரும் தொழில் செய்ய மாட்டாங்கன்னுதான் அந்தப் பக்கமே நெனைக்கலயாம். அங்க மீன் கெடையாதே, உங்க மகன் எதுக்குப் போனாருன்னு கேக்காவ.

இருக்கேன் மேடம். கேக்குது. காத்து வெளிய தள்ளியிருக்குமா? ரொம்பத் தூரமா? எவ்வளவு தூரம்? சரி. சரி, தேடச் சொல்லுங்க. என்னது? தண்ணியா? குடிதண்ணி, ஆமா, கொண்டு போனான். அஞ்சு லிட்டர் கேனு ஒண்ணு. நானேதான் நெறச்சுக் குடுத்தேன். ஹலோ. ஹலோ மேடம்.

வைக்கல அண்ணாச்சி, லைன்லதான் இருக்காவ. பேச மாட்டேங்காவ. நீங்க சொல்லுங்க. திங்கக்கெழமையிலருந்து இன்னைக்கு வரைக்கும். வெயிலு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா ஒரு ஆளுதான, அவனும் சிக்கனமாக் குடிக்கிற பையந்தான். அஞ்சு லிட்டரு பத்தும்லா?